வண்டி திரும்பும் இடம்

பிப்ரவரி 3

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. வெங்காயம் இரண்டு நாளாகத் தண்ணீர் காணாமல் கிடக்கிறது. காயில் கட்டக் கொடுத்துவிட்டு, அப்படியே பழமலை அண்ணனோடு டவுனுக்குப் போய், ஊருக்கு பஸ் விடச் சொல்லி டிப்போ மேனேஜரைப் பார்த்தேன். பழமலை அண்ணன் என் பெரியப்பா மகன். எங்கள் வரகங்குறிச்சியில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மேனேஜர் தன்மையான ஆள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"ரோடு போட்டாச்சு, வாஸ்தவம்தான். ஆனா உங்க ஊர்ல ஆளு எங்கங்க இருக்கு? ஆயிரம் பேராவது இருந்தாத்தான் நான் மேல எழுத முடியும். உங்க ஊரு அறுநூத்துச் சொச்சம்னு காட்டுது."

"அது பழைய கணக்குங்க," என்றார் அண்ணன்.

"புதுசா எடுத்தா இன்னும் கொறையும்ங்க. பாத்துக்கங்க."

கொறையத்தான் செய்யும். தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு. எல்லாப் பயல்களும் திருப்பூரில் பனியன் தைக்கிறான்கள். பஸ் இல்லை என்று ஆள் போகிறான், ஆள் இல்லை என்று பஸ் வரமாட்டேன் என்கிறது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

எனக்கு பஸ் எதற்கு? மொபெட் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது. இளவரசிக்காகத்தான் அலைகிறேன். பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். வகுப்பில் எப்போதும் முதல் மூன்றுக்குள். கணக்கு எடுத்துப் படிக்க வேண்டும் என்கிறாள். காலேஜ் டவுனில் இருக்கிறது. ஹாஸ்டலில் பெண்ணை விடும் பழக்கம் நம் சனத்தில் இல்லை. மெயின் ரோட்டுக் கைகாட்டியில் போய் பஸ் ஏறலாம் என்றால், பாதி வண்டி அங்கே நிற்பதில்லை. சாயங்காலம் இறங்கித் தைலமரக் காட்டு வழியே தனியாக நடந்து வர வேண்டும். என் மகள் படிக்க வேண்டும், ஆனால் தினமும் என் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். இதில் என்ன பேராசை இருக்கிறது?

பிப்ரவரி 9

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் பாய்ந்தது.

சாப்பிடும்போது மேனேஜர் சொன்னதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். இளவரசி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "காலனியையும் சேத்து எண்ணுனா ஆயிரத்துக்கு மேல வரும்லப்பா."

என் சம்சாரம் வளர்மதி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அது வேற ஊருடி," என்றேன்.

"நடுவுல ஒரு மதகுதானேப்பா இருக்கு?"

ஒரு மதகுதான். ஆனால் எழுத்தில் வேறு ஊர். என் அப்பா காலத்திலேயே பெரியவர்கள் அலைந்து திரிந்து, கிழக்குக் காலனி என்று தனிக் குக்கிராமமாக எழுதி வாங்கிவிட்டார்கள். தனி போர்டு, தனித் தொட்டி, தனிச் சுடுகாட்டுப் பாதை. ஒரு தொந்தரவும் இல்லாமல் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே புரியும்? ஆனாலும் கணக்கில் புலி. இரண்டையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டத்தான் தாண்டுகிறது.

பிப்ரவரி 16

மாரியம்மன் கோயிலில் ஊர்க்கூட்டம். நான்தான் எடுத்துச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே குதித்தார்கள். அவன்களோடு சேர்ந்து ஒரே ஊரா, நாளைக்கு கோயிலுக்குள்ளேயும் வருவான், தேர் வடத்தையும் பிடிப்பான் என்று ஒரே கூச்சல். கத்தியவர்களில் பாதிப் பேருக்குப் பெண் பிள்ளையே கிடையாது, படிப்பு எங்கே கவலை?

கடைசியில் பழமலை அண்ணன்தான் முடித்து வைத்தார். "யேய், கத்தாதீங்கடா. பேப்பர்லதானடா சேக்கறோம்? பஸ்ஸு வந்ததும் அது அது அங்கங்க. துரைக்கண்ணு, நீயே போயி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்துரு."

நல்ல வேலை என்றால் அவர் செய்வார். இந்த வேலை என்றால் துரைக்கண்ணு.

பிப்ரவரி 23

காலனிக்குப் போனேன். வார்டு மெம்பர் அமராவதி வீடு. ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள், டைல்ஸ் எல்லாம் போட்டு. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள்.

அண்ணே! இவள் மாமியார் எங்கள் களத்தில் தூற்றும்போது ஐயா என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. காலம் மாறிவிட்டது, நான் ஒன்றும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். அவள் மகள் நித்யா கலர் கொண்டுவந்து வைத்தாள். இளவரசியோடு ஒரே வகுப்பாம். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே காலையிலிருந்து சரியில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அமராவதி பேப்பரை முழுக்கப் படித்தாள். நிதானமாக, வரி வரியாக. எனக்கு எரிச்சலாக வந்தது.

"வரகங்குறிச்சி, கிழக்குக் காலனி இரண்டும் ஒரே ஊர்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப நாங்களும் வரகங்குறிச்சிதானாண்ணே?"

"கணக்குக்கு," என்றேன்.

சிரித்தாள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "எம் பொண்ணும் காலேஜுக்குப் போவணும்ண்ணே. அதுக்காகப் போடறேன்" என்று கையெழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி அவளே ஆள்விட்டுக் கொடுத்தனுப்பினாள். நம் தெருவில் பாதிப் பேரை வீட்டில் பிடிக்கவே எனக்கு நான்கு நாள் ஆனது.

மார்ச் 5

இளவரசிக்குப் பரீட்சை. விடியலில் எழுந்து நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 14

கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். வெங்காயம் பிடுங்கியாயிற்று. விலை கேட்கக் கூடாது.

ஏப்ரல் 18

டிப்போவிலிருந்து மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். ஆள் கணக்கு சரி, ரோடு சரி, மதகு தாங்கும் என்றார்கள். ஆனால் பஸ் திரும்ப இடம் வேண்டுமாம். எங்கள் கோயில் தெரு குறுகல், அதில் மாட்டு வண்டி திரும்பவே இரண்டு தடவை முன்னே பின்னே போக வேண்டும்.

பழமலை அண்ணன் களத்தைக் கேட்டார்கள். அவர் அது பங்காளிகள் சொத்து, நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது என்றார். அவர் ஒருத்தர்தான் அதில் நெல் காய வைப்பார். முருகேசன் சித்தப்பாவின் புளியந்தோப்பைக் கேட்டார்கள். அங்கே முனி இருக்கிறதாம். ரோட்டை ஒட்டியிருக்கிற என் மேட்டுக்காட்டைக் கேட்டார்கள். கொடுக்கலாம்தான். ஆனால் இந்த ஆடிப் பட்டத்தில் அதில் கடலை போடலாம் என்றிருக்கிறேன். கொடுத்தால் பட்டா மாற்றுவது, அளப்பது என்று ஆயிரம் சள்ளை.

ஜீப் மதகைத் தாண்டிக் காலனிப் பக்கம் போனது. அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, "அங்க பள்ளிக்கூடத்துக்கு முன்னால நல்ல மைதானம் இருக்குங்க. குடுக்கறோம்னுட்டாங்க. வண்டி அங்க போய்த் திரும்பிக்கும்" என்றார்கள்.

எங்கோ திரும்பித் தொலையட்டும், பஸ் வந்தால் போதும் என்று எல்லாருமே சொன்னோம். நானும்தான்.

மே 8

ரிசல்ட். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்! இளவரசி செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்கிறாள். வளர்மதி அழுகிறாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, எழுதினால் என்ன. என் குலத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தேன். நித்யாவும் நல்ல மார்க்காம், இளவரசி சொன்னாள். சந்தோஷம்.

ஜூன் 10

காலேஜில் சேர்த்தாயிற்று. பி.எஸ்சி. கணிதம். நித்யாவுக்கும் அதே வகுப்பு. வரும்போது கடைத்தெருவில் ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தேன், பச்சை நிறம். தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்தாள்!

மழை இல்லை.

ஜூலை 1

பஸ் வந்தது.

இன்றைய தேதியைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஊர் எல்லையில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டோம். சூடம் காட்டியது பழமலை அண்ணன். மேனேஜர் எல்லார் முன்னாலும் "இதுக்குத் துரைக்கண்ணு ஐயாதான் நடையா நடந்தாரு" என்றார். அண்ணன் முகம் கொஞ்சம் கோணிற்று.

வண்டி மதகு தாண்டிக் காலனிக்குப் போனது. நாங்கள் கோயிலடியில் காத்திருந்தோம். இளவரசி புதுச் சுடிதாரில், பச்சைப் பையோடு நின்றாள். ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், முதல் நாள் ஆயிற்றே, சும்மா டவுன் வரை போய்விட்டு வரலாம் என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வண்டி திரும்பி வந்தது. சன்னலுக்குச் சன்னல் தலை. உட்கார ஓர் இடம் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், எல்லாம் அந்தத் தெரு. பழமலை அண்ணன் சம்சாரம் பட்டுச் சேலையோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்து சீட்டில் எங்கள் வயலில் களை எடுக்கிற ராணி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

இளவரசிக்கு மட்டும் இடம் கிடைத்தது. நித்யா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். சன்னல் வழியாக எனக்குக் கையை ஆட்டினாள். ஊரே பார்த்தது.

ஜூலை 4

தினமும் இதே கதை. அவர்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறார்கள், நாம் நின்றுகொண்டு போகிறோம். டீக்கடையில் என்னைப் பார்த்தாலே பேச்சை நிறுத்துகிறார்கள். இன்றைக்கு முருகேசன் சித்தப்பா நிறுத்தாமலே பேசினார்: "துரைக்கண்ணு புண்ணியத்துல அவனுங்க உக்காந்து போறானுங்க. நமக்குக் கம்பி."

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜூலை 6

கூட்டம். முன் சீட்டு மூன்று வரிசையை நமக்கு ஒதுக்க வேண்டும் என்று டிப்போவில் கேட்கலாம் என்றான் ஒருவன். வெளியே கேட்டால் ஜெயிலுக்குத்தான் அனுப்புவார்கள் என்றேன். பஸ் இங்கேயே திரும்ப வேண்டும், மதகைத் தாண்டக் கூடாது என்றார்கள். திரும்ப இடம்? எல்லாரும் என் மேட்டுக்காட்டைப் பற்றிப் பேசினார்கள். பழமலை அண்ணன் களத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே கொடுத்திருந்தால் கொடுத்த பேர் இருந்திருக்கும். இன்றைக்குக் கொடுத்தால் அவர்களுக்குப் பயந்து கொடுத்ததாக ஆகும். தவிர, கடலை விதை வாங்கியாயிற்று.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் இழுத்துக்கிட்டு வந்த. நீதான் ஒரு வழி பண்ணணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் வளர்மதி ஒரு பிடி பிடித்தாள். "ஒங்களுக்கு பஸ்ஸு வேணும், அதுல சீட்டும் வேணும். புள்ள படிக்கறது எங்க போச்சுங்க? கால் மணி நேரம் நின்னா கால் ஒடிஞ்சா போயிரும்?"

நின்றால் கால் ஒடியாது. அதுவா விஷயம்? பெண்களுக்கு இதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது.

ஜூலை 8

மதகின் மேல் ஏறும்போது டிராக்டர் நின்றுவிட்டது. கியர் பாக்ஸ் கோளாறு. குறுக்கே நின்றதால் பஸ் போக வழியில்லை. டிரைவர் எங்கள் தெருவில் திருப்பப் பார்த்து முடியாமல், வந்த வழியே ரிவர்ஸில் போய்விட்டார். மெக்கானிக் வெளியூர் போயிருக்கிறான். என்ன செய்வது, இரும்புதானே.

இளவரசி, "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானேப்பா ஓடுச்சு?" என்றாள்.

"இரும்புக்கு நேத்து என்ன, இன்னக்கி என்ன," என்றேன்.

ஜூலை 9

மெக்கானிக் வரவில்லை. பஸ் இன்றைக்கு வரவே இல்லை. இளவரசியை மொபெட்டில் கொண்டுபோய்க் கைகாட்டியில் விட்டேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. திரும்பக் கூட்டிவந்தேன். டீக்கடையில் எனக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள்.

ஜூலை 10

மெக்கானிக் வரவில்லை.

ஜூலை 11

காலனிக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் வரை போய்விட்டார்களாம். அமராவதிக்கு அவ்வளவு தைரியம். இளவரசி இன்றும் வகுப்புக்குப் போகவில்லை. நடந்தாவது போகிறேன் என்றாள். தைலமரக் காட்டில் தனியாக நடக்க விடுவேனா? அவள் பாதுகாப்பு எனக்கு முக்கியம்.

ஜூலை 12

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையில் தாசில்தார் ஜீப், பின்னால் போலீஸ் ஜீப், அதற்குப் பின்னால் பஸ். மதகுக்கு இந்தப் பக்கம் நம் சனம், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் என் டிராக்டர். தாசில்தார் சின்ன வயசுக்காரர், என்னைக் கூப்பிட்டு, "வண்டி உங்களுதா? எடுங்க" என்றார்.

"எடுக்க முடிஞ்சா எடுத்துருக்க மாட்டேங்களா? கியர் பாக்ஸ் போச்சுங்க. மெக்கானிக்கு சொல்லி விட்டுருக்கேன். நகராதுங்க, ஒரு அடி நகராது," என்றேன். நம் ஆட்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். பழமலை அண்ணன் எண்ணெய்க் கசிவைக்கூடக் காட்டினார். அது முந்தாநாள் நான் வேறு எதற்கோ ஊற்றியது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இளவரசி வந்தாள். காலேஜுக்குப் போகிற சுடிதார், தோளில் அந்தப் பச்சைப் பை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் மாற்றுச் சாவி கையில் இருந்தது. என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், எறங்குடி!" என்றேன்.

சாவியைப் போட்டுத் திருப்பினாள். சனியன் பிடித்த வண்டி, மற்ற நாளில் ஒரு நாழி இருமிச் செருமித்தான் கிளம்பும். இன்றைக்குப் பார்த்து ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. கழுத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தபடி, கிளட்சை மெதுவாக விட்டு, மதகுக் கட்டையில் ஓர் உரசல்கூட இல்லாமல் பின்னால் எடுத்து, ஓரமாக வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். போன வருஷம் கோடை முழுக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த மாதிரியே. என் வாயாலேயே சொல்கிறேன், அவ்வளவு சுத்தமாக எனக்கே ரிவர்ஸ் வராது.

அந்தப் பக்கம் ஒருவன் கை தட்டினான். அமராவதி அவனை அதட்டி நிறுத்தினாள். தட்டியிருந்தாலாவது பரவாயில்லை. தாசில்தார் என்னைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். பஸ் என்னைக் கடந்து காலனிக்குப் போய்த் திரும்பி வந்தது. இளவரசி அதில் ஏறிக் காலேஜுக்குப் போய்விட்டாள்.

பழமலை அண்ணன் பக்கத்தில் வந்து, "நல்லாத்தான் வளத்துருக்க" என்றார்.

சாயங்காலம் அவள் வந்ததும் பேச வேண்டியதைப் பேசினேன்.

ஜூலை 13

இளவரசிக்குக் காய்ச்சல். வளர்மதி வெந்நீர் வைத்து முதுகில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்கு யாராவது முதுகில் ஒத்தடம் கொடுப்பார்களா? எனக்கு வலது கை மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மண்வெட்டி பிடித்ததில் இருக்கலாம்.

ஜூலை 14

பஸ் வந்தது, போனது.

ஜூலை 17

நித்யா வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்று, "அரசி ஏம்பா வரல?" என்றாள். என்னை அப்பா என்கிறாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றேன். உள்ளே இளவரசி தட்டு கழுவும் சத்தம் வெளிவரை கேட்டது. அந்தப் பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 22

யோசித்துப் பார்த்தேன். இந்த வருஷம் போகட்டும். எல்லாம் ஆறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். படிப்பு எங்கே ஓடிப் போகிறது? வளர்மதியிடம் சொன்னேன். கேட்டும் கேட்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மேட்டுக்காட்டில் உழவு போட்டாயிற்று.

ஜூலை 28

கடலை விதைத்தாயிற்று. ஊர் அடங்கிவிட்டது. பஸ்ஸைப் பற்றி இப்போது ஒருவரும் பேசுவதில்லை. பழமலை அண்ணன் சம்சாரம் தினமும் நின்றுகொண்டே மகள் வீட்டுக்குப் போய் வருகிறது. முருகேசன் சித்தப்பா காலனிக்கே நடந்து போய் ஏறி உட்கார்ந்து வருகிறாராம், முட்டி வலி என்று. யாரும் யாரையும் கேட்பதில்லை. என்னை மட்டும் பார்க்கும் பார்வை மாறவில்லை. பெண்ணை அடக்கத் தெரியாதவன் என்று.

ஆகஸ்ட் 3

தரகர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்தார். நல்ல இடம். மாப்பிள்ளைக்கு சொந்தமாகக் குழாய், மோட்டார் விற்கிற கடை. மெயின் ரோட்டிலேயே வீடு. சும்மா கேட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7

பெண் பார்க்க வந்தார்கள். இளவரசி காபித் தட்டோடு வந்து நின்றாள், குனிந்த தலை நிமிரவில்லை. அடக்கமான பெண் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது. டிராக்டர் விஷயம் அந்த ஊர் வரை போகவில்லை, மாரியம்மா காப்பாற்றினாள். இளவரசி வயசைக் கேட்டார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது, மே மாதமே.

ஆகஸ்ட் 8

வளர்மதி: "அடுத்த வருசம் பாக்கலாம்னீங்க."

"கட்டிக்கிட்டுப் போய்ப் படிக்கட்டும். அவங்க படிக்க வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க," என்றேன்.

அவர்கள் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 12

காலேஜிலிருந்து போன் வந்தது. தொடர்ந்து வராததால் பெயரை எடுத்துவிடுவார்களாம். கல்யாணம் வைத்திருக்கிறது என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அந்த அம்மா. இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 13

தூக்கம் சரியில்லை. கடலை முளைப்பு நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20

கல்யாணப் பத்திரிகை வாங்க டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. மொபெட் பஞ்சர். வேறு வழியில்லாமல் பஸ்ஸில் ஏறினேன். நான் கொண்டுவந்த பஸ், நான் ஏறுவது இதுதான் முதல் தடவை.

நிற்கத்தான் இடம். எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடுவில் ஒரு சீட்டிலிருந்து நித்யா எழுந்தாள். கையில் தடித் தடியாகக் கணக்குப் புத்தகம். "உக்காருங்கப்பா" என்றாள்.

"பரவால்ல, நீ உக்காரு."

"இல்லப்பா, நீங்க உக்காருங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அவளும் உட்காரவில்லை. அவள் எழுந்த சீட்டு அப்படியே கிடந்தது. கைகாட்டியில் இன்னும் இருபது பேர் ஏறினார்கள். நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்களே ஒழிய, ஒருவரும் அதில் உட்காரவில்லை. கண்டக்டர் வந்து, "யாராச்சும் உக்காருங்கப்பா, வழிய வுடுங்க" என்று கத்திப் பார்த்தார். டவுன் வரைக்கும் அது காலியாகவே வந்தது. இறங்கும்போது அந்தப் பெண், "அரசிய கேட்டேன்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

எனக்குக் கால் வலித்தது. வயசாகிறது.

பத்திரிகை நன்றாக வந்திருக்கிறது, தங்க எழுத்து. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் தடவினோம். இளவரசி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். ஜூலையிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. பேச வைக்க வேண்டும் போல இருந்தது. போகப் போகிற பிள்ளை. எனக்கும் மனசு இருக்கிறது, கல் இல்லை. நல்லதாக ஏதாவது சொல்லலாம் என்று, "மாப்ள ஊட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்குதும்மா. நம்மள மாதிரி நாயா அலைய வேண்டியதில்ல. ஏறி உக்காந்தா நேரா டவுனு" என்றேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடைக்காரனிடம் விலை கேட்கிற குரலில் கேட்டாள்: "அந்த பஸ்ஸு எந்தத் தெருவுல போயித் திரும்புதுப்பா? விசாரிச்சீங்களா?"

வளர்மதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விசாரிக்கவில்லை. கடை, வீடு, நிலம், ஜாதகம் எல்லாம் விசாரித்தேன், இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. காலையில் முதல் வேலையாகத் தரகருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும்.